ஆஞ்சநேயர் வரைக்கும் ஒரு நடை

இங்கிலாந்தில் கால்வாய்க் கரையோரம் குடும்பத்தோடு நடப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். அந்தக் காலத்தில் படகை இழுத்துச் சென்ற குதிரைகளுக்காகப் போட்ட பாதை அது; மேடு பள்ளம் குறைவு என்பதால் பாட்டியும் பேரனும் சேர்ந்தே போகலாம். சென்னையில் நமக்கும் பக்கிங்ஹாம் கால்வாய் இருக்கிறது. மயிலாப்பூர்ப் பக்கம் அதன்மேல் பறக்கும் ரயில் தூண்களை நட்டுவிட்டோம். அங்கே யார் காற்று வாங்கப் போவார்கள்?

நங்கநல்லூர்க்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே நடை என்றால் கோயில். பழவந்தாங்கல் ஸ்டேஷனில் இறங்கி, மாலை வெயில் தணிந்ததும் உள்தெருக்கள் வழியாகப் போக வேண்டும். மெயின் ரோடு வேண்டாம். ஹாரன் சத்தத்தில் பேச்சு போய்விடும். குழந்தைகள் மீனம்பாக்கத்து விமானம் தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்தபடியே வருவார்கள். கோலத்தை மிதிக்காதே என்று பின்னாலிருந்து தாத்தா அதட்டுவார்.

பிறகு ஆஞ்சநேயர். ஒரே கல்லில் 32 அடி உயரம், 1995-இல் கும்பாபிஷேகம். பெரியவர்கள் கண்ணை மூடிக்கொள்ள, குழந்தைகளோ முதலில் பாதத்தைப் பார்த்து, முகம் எங்கே என்று கழுத்தை வளைத்துத் தேடுவார்கள். என்னைக் கேட்டால், குழந்தைகள் கும்பிடுவதுதான் சரியான முறை.

கால் இன்னும் வலிக்கவில்லை என்றால் ராஜராஜேஸ்வரி கோயிலுக்கும் ஒரு எட்டு போகலாம். வலித்தால் ஷேர் ஆட்டோ. பாட்டிக்கு ஓரத்து சீட்.