கரோல் பேட்மனின் மக்களாட்சிக் கோட்பாடும் கோலார் தங்கவயலும்

தொழிற்களத்தை மக்களாட்சியின் பயிற்சிக் கூடமாகக் கண்ட நூல்களுள் கரோல் பேட்மனின் 'பங்கேற்பும் மக்களாட்சிக் கோட்பாடும்' (1970) முதன்மையானது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் அவரே எழுதிய 'பாலியல் ஒப்பந்தம்' (1988), அக்கூடத்தின் கதவு பெண்களுக்கு ஏன் அடைத்தே கிடந்தது என்பதை ஆராய்ந்தது. இவ்விரு நூல்களையும் மேலைநாட்டுச் சான்றுகளைக் கொண்டே மதிப்பிடுவது வழக்கமாக இருந்து வருகிறது. தமிழ்த் தொழிலாளர் நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்துவரும் கோலார் தங்கவயலை உரைகல்லாகக் கொண்டு பார்க்குமிடத்து, அவற்றின் மாற்றும் குறையும் வேறு வகையில் புலப்படுகின்றன.

பேட்மன் 1940-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். பதினாறு வயதில் பள்ளியை விட்டவர். பின்னர்த் தொழிலாளர்க்கெனத் தோன்றிய ரஸ்கின் கல்லூரி வழியாக ஆக்சுபோர்டில் பயின்றவர். இந்த வாழ்க்கைப் பின்புலத்தை அவர்தம் முதல் நூலினின்று பிரித்துப் பார்த்தல் அரிது. மக்களாட்சி என்பது தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை மட்டுமே என்ற சும்பீட்டரின் கருத்தை அந்நூல் மறுக்கிறது. ரூசோ, மில், கோல் ஆகியோரைத் துணைக்கொண்டு, முடிவெடுப்பதில் பங்கேற்பதே மனிதரைக் குடிமக்களாகப் பயிற்றுகிறது என்றும், நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் தொழிற்களமே அப்பயிற்சிக்கு உரிய இடம் என்றும் அது நிறுவ முயல்கிறது. யூகோசுலாவியத் தொழிலாளர் அவைகள் அதற்குச் சான்றாக ஆராயப்படுகின்றன.

தங்கவயலில் அத்தகைய அவை எதுவும் இருந்ததில்லை. 1880-களிலிருந்து ஜான் டெய்லர் குழுமத்தின் ஆளுகையில் இருந்த சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்கம், ஊரிகம், மைசூர் ஆகிய சுரங்கங்களில், வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதியினரே பெரும்பான்மையராக உழைத்தனர். ஒப்பந்தக்காரர்கள் வழியே ஆள்சேர்ப்பு நிகழ்ந்தது. தங்கத் திருட்டைத் தடுப்பதற்கெனத் தனிச் சட்டமும் உடற்சோதனையும் இருந்தன. முடிவெடுக்கும் உரிமையின் நிழல்கூட அவர்கள்மீது விழவில்லை. ஆயினும் 1930-இல், விரல்ரேகைப் பதிவை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். சனகி நாயர் தம் 'சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும்' (1998) என்ற நூலில் இவ்வேலைநிறுத்தத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். 1940-களில் சங்கங்கள் வேரூன்றின. 1952 முதல் நிகழ்ந்த தேர்தல்களில் பொதுவுடைமைக் கட்சியினரும் அம்பேத்கர் வழிவந்த பட்டியல் சாதியினர் கூட்டமைப்பினரும் இங்கு வெற்றி கண்டனர். தொழிற்களம் அரசியலைப் பயிற்றும் என்ற பேட்மனின் கூற்றுக்கு இது வலிமையான சான்றாகும். ஆனால் பயிற்சி கிடைத்த வாயில் வேறு. பங்கேற்க இடம்பெற்றதால் வந்த பயிற்சி அன்று இது. பங்கேற்பு மறுக்கப்பட்ட இடத்தில் மறுத்து நின்றதால் வந்தது. எதிர்ப்பும் ஒரு பங்கேற்பே என்பதை 1970-ஆம் ஆண்டு நூல் போதிய அளவு கருதவில்லை எனலாம்.

இப்பயிற்சி யாருக்குக் கிடைத்தது என்பதே அடுத்த வினா. மேற்பரப்புப் பணிகளில் பெண்கள் சிலர் இருந்தனர். நிலத்தடி ஆண்களுக்கே உரியதாயிற்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1935-இல் பெண்களின் நிலத்தடி வேலையைத் தடைசெய்யும் உடன்படிக்கையை ஏற்றது. விடுதலை பெற்ற இந்தியாவின் 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் 46-ஆம் பிரிவில் அத்தடையைத் தொடர்ந்தது. மேற்பரப்பிலும் காலை 6 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் பெண்களை வேலைக்கு வைத்தல் கூடாதென்றது. காப்பு என்ற பெயரில் அமைந்த இவ்விதி, சங்கம், வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை ஆகிய அரசியற் களங்களின் நடுவிடத்திலிருந்தும் பெண்களை விலக்கி வைத்தது.

பங்கேற்பை வலியுறுத்தும் கோட்பாட்டாளரும் இல்லத்துக்குள் நிகழும் அதிகாரத்தைக் காணத் தவறினர் என்பதைப் பேட்மன் 'பெண்ணியமும் மக்களாட்சியும்' என்ற 1983-ஆம் ஆண்டுக் கட்டுரையில் எடுத்துரைத்தார். 'பாலியல் ஒப்பந்தம்' இதனை மேலும் ஆழமாக்குகிறது. சுதந்திரமான தனிமனிதர் கூடிச் செய்துகொண்டதாகக் கூறப்படும் சமூக ஒப்பந்தத்தின் அடியில், பெண்கள்மீது ஆண்களுக்கு உரிமை வழங்கும் மற்றோர் ஒப்பந்தம் சொல்லப்படாமல் மறைந்துள்ளது என்பது அதன் மையக் கருத்து. வேலை ஒப்பந்தமும் திருமண ஒப்பந்தமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. 'தொழிலாளி' என்ற சொல்லே வீட்டில் ஒரு மனைவி இருப்பதை முன்னிறுத்துகிறது என்பார் அவர்.

தங்கவயலுக்கு இக்கருத்து பெரிதும் பொருந்துகிறது. 'லைன்' என்று வழங்கப்பட்ட குடியிருப்பு வரிசைகள் கும்பினிக்கு உரியவை. சுரங்கத்தில் வேலை பார்ப்பவனின் பெயரைச் சார்ந்தே குடும்பத்துக்கு வீடு வாய்த்தது. வேலை ஒப்பந்தம் முறிந்தால் மனைவியின் அடுப்பும் நிலைகுலையும். நுரையீரல் நோயின் கதை இதனினும் கொடிது. 1940-களில் இச்சுரங்கங்களில் 7653 தொழிலாளரிடம் நடத்திய ஆய்வு, அவர்களுள் 43.7 விழுக்காட்டினரிடம் சிலிக்கோசிசு நோயைக் கண்டது. பாறைத்தூசு படிந்த நுரையீரலோடு வீடு திரும்பியவரை ஆண்டுக்கணக்கில் பேணியது எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாத பெண்ணின் உழைப்பு. இழப்பீட்டுக் கணக்கில் தொழிலாளியின் உடலுக்கு விலை உண்டு. பேணியவளின் ஆண்டுகளுக்கு இல்லை. நலவரசு பெண்களின் ஊதியமற்ற பேணுதலின்மேல் எழுப்பப்பட்டது என்று பேட்மன் பிறிதோரிடத்தில் காட்டியது இங்கு, நலவரசு என்ற பெயரே இல்லாத காலத்திலும், நிகழ்ந்திருக்கிறது.

எனினும் அவருடைய கோட்பாடு தடுமாறும் இடமும் இதுவே. பாலியல் ஒப்பந்தத்தின் ஒரு முனையில் நிற்கும் ஆண், தன் உடலுக்குத் தானே உரிமையாளனான குடிமகன். விரல்ரேகை கேட்கப்பட்ட, உடல் சோதிக்கப்பட்ட, ஊரில் சேரிக்கு வெளியே நிலமும் நீரும் மறுக்கப்பட்ட தங்கவயல் ஆணை அந்த இடத்தில் எளிதில் வைக்க இயலாது. அவன் மனைவிமீது அதிகாரம் உடையவனாயிருந்தான் என்பது உண்மை. கும்பினியின் முன்னும் சாதியின் முன்னும் 'தனிமனிதன்' என்ற தகுதியே அவனுக்கு மறுக்கப்பட்டது என்பதும் உண்மை. அதிகாரம் உடையவன், உரிமை அற்றவன் என்ற இவ்விரட்டை நிலைக்கு 1988-ஆம் ஆண்டு நூலில் இடமில்லை. சார்லசு மில்சுடன் இணைந்து பேட்மன் 2007-இல் வெளியிட்ட 'ஒப்பந்தமும் ஆதிக்கமும்' இனத்தையும் குடியேற்றத்தையும் சேர்த்து நோக்குகிறது. சாதி அதன் ஆராய்ச்சிப் பொருளன்று. மாரிகுப்பத்தில் அயோத்திதாசர் வழிவந்த பௌத்தர்களும், 1926-இல் கோ. அப்பாதுரையார் இங்கிருந்து மீண்டும் வெளிக்கொணர்ந்த 'தமிழன்' இதழும் ஆணை மனிதனாக ஏற்கச் செய்யவே முதலில் போராட வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், மேலைக் கோட்பாடு தொடங்கும் புள்ளிக்கு முன்பே இங்கு ஒரு போராட்டம் உண்டென்பது விளங்கும்.

1956-இல் மைசூர் அரசும் 1962-இல் நடுவணரசும் ஏற்ற இச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. நிலத்தடித் தடை 2019-இல் தளர்த்தப்பட்டபோது, பெண்ணின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. ஒப்புதல் என்னும் கருத்தையே ஐயுற்று எழுதிய பேட்மன் இந்நிபந்தனையை உற்று நோக்கியிருப்பார். அதற்குள் தங்கவயலில் இறங்குவதற்குச் சுரங்கம் இல்லை. விடியலில் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் தொடர்வண்டிகளில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோருள் இன்று பெண்கள் பலர். பேட்மன் சொன்ன தொழிற்களத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது, அவர்களுடைய தந்தையரிடம் இருந்த சங்கம் அங்கு இல்லை.

சட்டமன்றத்திலும் நிலை மாறியுள்ளது. பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்ட இத்தொகுதியில் 2013-இல் ஒய். இராமக்கா வென்றார், 2018-இலும் 2023-இலும் எம். ரூபகலா வென்றார். அவைகளில் பெண்கள் இருத்தலே மக்களாட்சிக்கு இன்றியமையாதது என்பது ஆன் பிலிப்சின் 'இருத்தலின் அரசியல்' (1995) முன்வைக்கும் வாதம். அவ்வகையில் இது சிறிய மாற்றமன்று. ஆயினும் இராமக்கா அதற்கு முன் உறுப்பினராயிருந்த ஒய். சம்பங்கியின் தாய், ரூபகலா நெடுங்காலம் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த கே.எச். முனியப்பாவின் மகள், ரூபகலாவிடம் இருமுறையும் தோற்ற அசுவினி, சம்பங்கியின் மகள். சங்க மேடையில் வளர்ந்து அவைக்குச் சென்ற ஆண்களின் வரிசை இவ்வூரில் உண்டு. அந்த வழியில் வந்த பெண்ணொருவர் இப்பட்டியலில் இல்லை.