தலையெழுத்தும் மார்பெழுத்தும்

1637ஆம் ஆண்டு ஜூன் திங்களில், இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் முற்றத்தில், மக்கள் திரண்டு நின்று பார்க்க, வில்லியம் பிரின் என்ற வழக்கறிஞரின் காதுகளை அறுத்தனர். முழுக் காதுகள்கூட அல்ல. மூன்றாண்டுகட்கு முன்பு ஒரு முறை அறுத்தபோது எஞ்சிய மிச்சம்! அரசின் சினம் அதோடு தணியவில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அவருடைய கன்னங்களில் எஸ்., எல். என்னும் இரண்டு எழுத்துகளைப் பொறித்தனர். ஆட்சிக்கு எதிராக அவதூறு பரப்புவோன் என்பது அவ்வெழுத்துகளின் பொருள். அவர் செய்த குற்றம் என்ன? பேராயர்களின் ஆதிக்கத்தை எதிர்த்து ஏடு எழுதினார். அவர் ஒரு பியூரிட்டன்.

213 ஆண்டுகள் கழித்து, 1850இல், அமெரிக்காவில் ஒரு நாவல் வெளிவந்தது. அதன் தலைவியின் மார்பிலும் ஓர் எழுத்து! செந்துணியில் வெட்டி, பொன்னிழையால் தைத்த 'ஏ' என்னும் எழுத்து. அதை அவள் சாகும்வரை சுமக்க வேண்டும் என்று ஆணையிட்டவர்கள், பாஸ்டன் நகரை ஆண்ட பியூரிட்டன்கள். அந்தத் தலைவியின் பெயர் ஹெஸ்டர் பிரின். கன்னத்தில் எழுத்துப் பொறிக்கப்பட்டவரின் குடும்பப் பெயரே, மார்பில் எழுத்துச் சுமந்தவளின் பெயரும்! நாவலின் பெயர் 'செந்நிற எழுத்து'. எழுதியவர் நதானியேல் ஹாதார்ன்.

நேற்று எழுத்துப் பொறிக்கப்பட்டவர்கள், கடல் கடந்து சென்று, கையில் கோல் கிடைத்ததும், பிறர்மீது எழுத்துப் பொறித்தது ஏன்? இந்த வினாவோடுதான் அந்த நாவலை நாம் எடுத்துக் கொள்கிறோம். வழுக்கி விழுந்த ஒருத்தியின் சோகக் காதலாக மட்டும் அதைப் படித்து, கண்ணீர் சிந்தி, மூடி வைப்பவர்கள் பலர். அவ்வளவோடு விட்டுவிடத்தக்க ஏடன்று அது.

பியூரிட்டன் என்றால் தூய்மை நாடுவோன். இங்கிலாந்துத் திருச்சபையில் ரோமாபுரிச் சடங்குகளின் எச்சம் இருக்கிறது, அதைக் கழுவ வேண்டும் என்று கிளம்பியவர்கள் இவர்கள். சடங்கைச் சாடினர், பட்டாடைப் பேராயரைச் சாடினர், கிறிஸ்து பிறந்த நாள் விழாவையும் வேதத்தில் இல்லாதது என்று தள்ளினர். இதுவரை கேட்கும்போது, பழைமையைப் பொசுக்க வந்த புரட்சிக் கூட்டம் என்றே தோன்றும். ஆனால், அவர்கள் நெஞ்சின் நடுவே குந்தியிருந்த கொள்கை வேறு. உலகம் தோன்றுமுன்பே, இன்னார் மீட்புப் பெறுவர், இன்னார் நரகம் புகுவர் என்று ஆண்டவன் முடிவு செய்துவிட்டான்; மனிதன் செய்யும் எந்த நற்செயலும் அந்த முடிவை மாற்றாது என்பது கால்வினிடமிருந்து அவர்கள் பெற்ற பாடம். நம் நாட்டுத் திண்ணையில் தலையெழுத்து என்கிறார்களே, அதற்கு வேதநூல் மேற்கோள்களுடன் எழுதப்பட்ட விரிவுரை இது!

தலையெழுத்தில் ஒரு தொல்லை உண்டு. அதை யாராலும் படிக்க முடியாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் பட்டியலில் நம் பெயர் உண்டா இல்லையா என்ற அச்சம், ஒவ்வொரு பியூரிட்டன் உள்ளத்தையும் இரவு பகலாக அரித்தது. அச்சம் அடையாளம் தேடும். தன் மனத்தைத் துருவினான், நாட்குறிப்பு எழுதினான், கனவையும் காய்ச்சலையும் ஆராய்ந்தான். தன்னிடம் தேடிக் களைத்தவன், அண்டை வீட்டானிடம் தேடத் தொடங்கினான். அவன் மீது கறை இருந்தால், நம்மீது கறை இல்லை என்று ஓர் ஆறுதல்! படிக்க முடியாத தலையெழுத்துக்கு ஈடாக, எல்லோரும் படிக்கத்தக்க மார்பெழுத்து அவனுக்குத் தேவைப்பட்டது.

இந்த நம்பிக்கையுடன்தான் கப்பல் ஏறினர். 1620இல் மேஃபிளவர் கப்பலில் 102 பேர் சென்றனர்; பிளிமத் கரையில் முதற் குளிர்காலம் முடிவதற்குள் ஏறத்தாழப் பாதிப் பேர் மாண்டனர். 1630இல் ஜான் வின்திராப் தலைமையில் பெருங்கூட்டம் சென்று மாசசூசெட்ஸ் குடியேற்றத்தை நிறுவியது. அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் அந்தக் கரைக்குச் சென்றனர். இவர்கள் கோழைகளல்லர். பசியையும் பனியையும் தாங்கினர், காடு திருத்தினர், ஊர் சமைத்தனர். அவர்களுடைய துணிவை நாம் குறைத்துப் பேசவில்லை. அந்தத் துணிவு எதற்குப் பயன்பட்டது என்றே கேட்கிறோம்.

பயணத்தையொட்டி வின்திராப் ஆற்றிய பேருரை புகழ்பெற்றது. மலைமேல் ஊராக உலகம் நம்மைப் பார்க்கும் என்று அவர் கூறியதை, அமெரிக்க அரசியல்வாதிகள் மேடைதோறும் முழங்கியிருக்கிறார்கள். அந்த உரையின் தொடக்கத்தை அவர்கள் முழங்குவதில்லை. சிலர் செல்வர், சிலர் வறியர், சிலர் மேலோர், சிலர் கீழோர் என்பது ஆண்டவனின் ஏற்பாடு என்பதுதான் தொடக்கம்! மலைமேல் ஊர்தான், ஆனால் அங்கும் மேல் தெரு, கீழ்த் தெரு உண்டு.

1631இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. திருச்சபையில் உறுப்பினரானவருக்கே வாக்குரிமை என்றது அச்சட்டம். உறுப்பினராவதற்கோ, ஆண்டவன் தன்னைத் தேர்ந்தெடுத்ததற்கான அடையாளத்தைச் சபையார் ஏற்கும்படி எடுத்துரைக்க வேண்டும் என்ற வழக்கம் விரைவில் வேரூன்றியது. போதகர்கள் ஆட்சிப் பதவி வகிக்கவில்லை என்பது உண்மை. ஆனால், யார் வாக்காளர் என்பதைச் சபை முடிவு செய்தபின், பதவி எதற்கு? தலையெழுத்தே வாக்காளர் பட்டியலாகிவிட்டது!

பின் நடந்தவை, விதைத்ததன் விளைச்சல். மனச்சான்றில் அரசு தலையிடக்கூடாது, பழங்குடி மக்களின் நிலத்தை வழங்க இங்கிலாந்து மன்னனுக்கு உரிமை இல்லை என்று பேசிய ரோஜர் வில்லியம்ஸ் நாடு கடத்தப்பட்டார். பனியில் நடந்து சென்று, 1636இல் பிராவிடன்ஸ் என்ற ஊரைக் கண்டார். போதகர்களின் பிரசங்கத்தைத் தன் வீட்டுக் கூட்டங்களில் ஆராய்ந்து, குறை கூறிய ஆன் ஹட்சின்சன் என்ற பெண்மணி 1637 நவம்பரில் விசாரிக்கப்பட்டு, மறு ஆண்டு விரட்டப்பட்டார். சபை அவரை விலக்கிய அன்று அவரோடு கைகோத்து வெளியேறிய மேரி டயர், பின்னர் குவேக்கர் நெறி தழுவியதற்காக 1660இல் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டார். இலண்டனில் பிரின் கன்னம் கருகிய அதே 1637இல், பாஸ்டனில் ஒரு பெண்ணின் வாயை அடைத்தனர்! தமக்கு உரிமை கேட்டவர்கள், பிறருக்கும் அது உரிமை என்பதை ஏற்கவில்லை.

இனி நாவலுக்குத் திரும்புவோம். புதுக் குடியேற்றம் காண வந்தவர்கள், எவ்வளவு இனிய கனவோடு வந்திருந்தாலும், முதலில் ஒதுக்கிய இடங்கள் இடுகாடும் சிறையுமே என்ற குறிப்போடு ஹாதார்ன் கதையைத் தொடங்குகிறார். அந்தச் சிறைவாயிலில் ஒரு ரோஜாச் செடி. ஆன் ஹட்சின்சன் சிறை புகுந்தபோது அவர் காலடியில் முளைத்ததோ என்று ஒரு வரியில் தொட்டுச் செல்கிறார். அந்த வாயில் வழியே, கைக்குழந்தையுடன் ஹெஸ்டர் வெளிவருகிறாள். ஊர் பார்க்க மேடை ஏறுகிறாள். குழந்தையின் தந்தை யார் என்று அவளைக் கேட்கும் போதகர் டிம்ஸ்டேல்தான் அந்தத் தந்தை! அவள் வாய் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. அவள் எழுத்தைச் சுமக்கிறாள். அவர் புகழைச் சுமக்கிறார்.

இது கற்பனையின் மிகை என்று எண்ண வேண்டாம். 1658இல் பிளிமத் குடியேற்றத்தின் சட்டமே, இக்குற்றம் புரிந்தோர் ஆடையில் இரண்டு எழுத்துகளைத் தைத்து அணிய வேண்டும் என்று விதித்தது. மாசசூசெட்ஸிலோ தூக்கு!

ஹெஸ்டர் ஊசியால் பிழைக்கிறாள். ஆளுநரின் கழுத்துப் பட்டையில் அவள் பூவேலை. போதகரின் ஆடையில் அவள் பூவேலை. குழந்தையின் தொப்பியில், பிணத்தின் போர்வையில் அவள் கைவண்ணம். மணப்பெண்ணின் முகத்திரைக்கு மட்டும் அவளை அழைக்கமாட்டார்கள்! கையின் உழைப்பு வேண்டும், கைக்கு உரியவள் வேண்டாம். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள நம் நாட்டு வாசகனுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆனால், ஆண்டுகள் செல்கின்றன. நோயாளியின் தலைமாட்டில் அவள் விழித்திருக்கிறாள். பசித்தவனுக்கு உணவு தருகிறாள். மெல்ல மெல்ல மக்கள் அந்த எழுத்தை வேறுவிதமாகப் படிக்கத் தொடங்குகிறார்கள். விபசாரம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது. ஆற்றலுடையவள் என்பதற்கான சொல்லுக்கும் அதுவே முதலெழுத்து! ஆண்டவன் எழுதியது மாறாது என்பது சபையின் சட்டம். எழுதியது ஊர், அதன் பொருளை மாற்றியது ஒருத்தியின் உழைப்பு. இங்கேதான் ஹாதார்னின் வெற்றி. கால்வின் கொள்கையை மறுத்து ஓர் அத்தியாயம் அவர் எழுதவில்லை. ஒரு தையற்காரியை நடக்கவிட்டே அதை மறுத்துவிட்டார்.

இதை எழுதும் துணிவு அவருக்கு எளிதில் வந்ததன்று. அவருடைய மூதாதை வில்லியம் ஹாதார்ன், குவேக்கர்களைக் கசையடிக்கு ஆளாக்கியவர். வில்லியத்தின் மகன் ஜான், 1692இல் சேலம் ஊரில் சூனியக்காரர் என்று குற்றம் சாட்டப்பட்டோரைக் குறுக்கு விசாரணை செய்த நீதிபதி. நாவலின் முகவுரைப் பகுதியில் இருவரையும் அவர் நினைவு கூர்கிறார். அவர்கள் பொருட்டு வெட்கத்தைத் தாமே ஏற்றுக்கொள்வதாகக் கூறுகிறார். குலப்பெருமை பாடாத அந்தப் பேனாவை நாம் போற்றுகிறோம்.

போற்றிவிட்டு, குறையையும் கூறுவோம். ஆளுநர் மாளிகையில் தொங்கும் இரும்புக் கவசத்தில் ஹெஸ்டரின் எழுத்துப் பூதாகாரமாகத் தெரிவதாக ஒரு காட்சி. பீக்வாட் போரில் ஆளுநர் அணிந்த கவசம் அது என்று போகிற போக்கில் சொல்கிறார் ஆசிரியர். அது என்ன போர்? 1637 மே திங்களில், இன்றைய கனெக்டிகட்டில் உள்ள மிஸ்டிக் என்ற இடத்தில், பீக்வாட் மக்களின் அரண் சூழ்ந்த ஊரைக் குடியேறிகளின் படை, வேறு சில பழங்குடியினரின் துணையோடு வளைத்துத் தீயிட்டது. 400 முதல் 700 பேர் வரை மாண்டனர். பெண்டிரும் குழந்தைகளும் முதியோருமே மிகுதி. பிளிமத் ஆளுநர் பிராட்ஃபர்டு தம் வரலாற்று ஏட்டில் அந்தக் கொடுங்காட்சியை எழுதி, வெற்றிக்காக ஆண்டவனுக்கு நன்றியும் எழுதினார். பிடிபட்டோரில் சிலர் அடிமைகளாகத் தொலைநாட்டுத் தீவுகளுக்கு ஏற்றப்பட்டனர். 1638 உடன்படிக்கை, எஞ்சியோர் தங்களைப் பீக்வாட் என்று அழைத்துக்கொள்ளவும் தடை விதித்தது. ஒருத்தி மீது எழுத்தைத் தைத்தவர்கள், ஓர் இனத்தின் பெயரையே அழிக்க முயன்றனர்! கவசத்தில் ஹெஸ்டரின் எழுத்தைக் கண்ட ஹாதார்ன், கவசத்தில் படிந்த குருதியைக் காணவில்லை.

முடிவிலும் அவர் கை தளர்கிறது. விடுதலை பெற்று வெளிநாடு சென்ற ஹெஸ்டர் திரும்பி வந்து, யாரும் கேளாமலே எழுத்தை மீண்டும் அணிகிறாள்; ஆண் பெண் உறவு செம்மையுறும் நாள், வானம் கனியும்போது வரும் என்று ஆறுதல் சொல்கிறாள். இது கதைப்போக்கு மட்டுமன்று, ஆசிரியரின் மனப்போக்கும் கூட. 1852இல் ஃபிராங்க்ளின் பியர்ஸ் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஹாதார்ன், கறுப்பின மக்களின் அடிமைத்தளையும் ஆண்டவன் திட்டப்படி தானே மறையும் என்ற கருத்தை வெளியிட்டார். தலையெழுத்தைத் தையல் ஊசியால் குத்திக் கிழித்தவர், அடிமைகளைத் தலையெழுத்திடமே ஒப்படைத்தார்!

நூறாண்டு கழித்து ஆர்தர் மில்லர் இதே மண்ணைத் தோண்டினார். 1953இல் அரங்கேறிய 'குரூசிபிள்' நாடகம், சேலம் விசாரணையைச் சொல்லி, பொதுவுடைமையர் வேட்டை நடந்த தம் காலத்தைக் குத்தியது. 1956இல் நாடாளுமன்றக் குழு, மற்றவர்களின் பெயர்களைச் சொல் என்று அவரை வற்புறுத்தியது, மறுத்தார், 1957இல் தண்டனை பெற்றார், 1958இல் மேல்முறையீட்டில் விடுபட்டார். மனிதர் பெரியவர். ஆயினும் நாடகத்தில் அவர் 11 அல்லது 12 வயதுச் சிறுமியைக் குமரியாக்கி, 60 வயதை ஒட்டிய புராக்டரை நடுவயதினனாக்கி, காமத்தால் விளைந்த பழி என்று கதை அமைத்தார். உண்மையில் 19 பேரைத் தூக்கிலேற்றியது ஒரு பெண்ணின் பொறாமையன்று. இன்னாருடைய ஆவி வந்து என்னைக் கிள்ளிற்று என்ற சொல்லை, வேறு எவர் கண்ணுக்கும் தெரியாத அந்த ஆவியை, நீதிமன்றம் சான்றாக ஏற்றது! ஒப்புக்கொண்டோர் பெரும்பாலும் பிழைத்தனர். பொய் சொல்ல மறுத்தோர் மாண்டனர். காணாததைக் கண்டதாக ஏற்கும் சட்டம் இருக்கும் வரை, பொறாமைக்காரர் இல்லாத ஊரிலும் தூக்குமரம் முளைக்கும்.

இந்தப் பியூரிட்டன்கள் தந்த நன்மை எதுவுமே இல்லையா? உண்டு. ஒவ்வொருவரும் வேதத்தைத் தாமே படிக்க வேண்டும் என்று விரும்பி, 50 குடும்பங்கள் உள்ள ஊர்தோறும் எழுத்தறிவிக்க ஓர் ஆசிரியர் வேண்டும் என 1647இல் சட்டம் செய்தனர். 1636லேயே ஹார்வர்டு கல்லூரிக்கு வித்திட்டனர். சாத்தானின் சூழ்ச்சியை வெல்லவே கல்வி என்றனர். ஆனால், எழுத்தைக் கற்பித்தவன், அதைக் கொண்டு எதைப் படிக்கவேண்டும் என்று என்றென்றும் கட்டளையிட முடியாது. அவர்கள் திறந்த பள்ளிக்கூடம், அவர்களையே விசாரிக்கும் மன்றமாயிற்று.

சான்று வேண்டுமா? 1693 ஜனவரியில் எலிசபெத் ஜான்சன் என்ற 22 வயதுப் பெண்ணுக்குச் சூனியக்காரி என்று தூக்குத் தண்டனை விதித்தனர். ஆளுநர் தண்டனையை நிறுத்தியதால் உயிர் தப்பினார். ஆனால் குற்றவாளி என்ற எழுத்து மட்டும் ஏட்டில் நின்றது. மற்றவர்களின் பழியைத் துடைத்த பிற்காலச் சட்டங்கள் அவர் பெயரை விட்டுவிட்டன. மாசசூசெட்ஸில் எட்டாம் வகுப்பு மாணவர்கள், ஆசிரியையின் வழிகாட்டுதலில், பழைய ஏடுகளைப் புரட்டி, சட்டமன்றத்துக்கு எழுதி, விடாது வற்புறுத்தினர். 2022இல், 329 ஆண்டுகள் கழித்து, அந்த எழுத்து அழிக்கப்பட்டது. தடை செய்யப்பட்ட பீக்வாட் என்ற பெயரும் அழியவில்லை; அம்மக்களின் ஒரு பிரிவை 1983இல் அமெரிக்க அரசே சட்டப்படி ஏற்றது.

ஹெஸ்டர் காத்திருந்த வானம் கனியவில்லை, தோழர்களே. சிறுவர்கள் எழுதுகோலை எடுத்தார்கள்.