யாரையும் விட்டுப் போகாத ரைடு

சைக்கிள் கிளப்புகளின் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளில் தவறாமல் வரும் சொல் ‘நோ டிராப்’. யாரையும் வழியில் விட்டுவிட்டுப் போகமாட்டோம் என்று பொருள். மெதுவாக வருகிறவருக்காகக் கூட்டம் காத்திருக்கும். டயர் பஞ்சரானால் நாலு பேர் கூட நிற்பார்கள். ‘ஸ்வீப்’ என்று ஒருவர் எல்லாருக்கும் கடைசியாக வருவார். பந்தயம் கிடையாது, பேசிக்கொண்டே போகலாம், முடிந்ததும் சேர்ந்து டிபன். இதைத்தான் சோஷியல் ரைடு என்கிறார்கள். திருச்சியில் இப்படியொரு கிளப்போடு மூன்று வருடங்களாகப் போய்வருகிறேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். நான் பேச நினைப்பது அந்தச் சொல்லைப் பற்றி.

முதலில் அதன் இன்பத்தைச் சொல்லிவிடுகிறேன். திருவானைக்காவல் தாண்டி உத்தமர்சீலி வழியாகக் கல்லணைக்குப் போகிற சாலையில், இருபுறமும் வாழைத்தோப்பு இருட்டாக இருக்கும்போது, முப்பது சைக்கிள்களின் சங்கிலிச் சத்தம் மட்டும் கேட்கும். முன்னால் போகிறவர் “குழி!” என்பார். அந்தச் சொல் வாய்க்கு வாய் மாறிக் கடைசி ஆள்வரை வரும். நாமும் நமக்குப் பின்னால் வருகிறவருக்குச் சொல்லிவிட்டு விலகவேண்டும். எதிர்காற்றை முன்னால் இருப்பவர் வாங்கிக்கொள்வதால் பின்னால் மிதிப்பவருக்குப் பாரம் குறையும். களைத்ததும் அவர் ஒதுங்க, இன்னொருவர் முன்னால் போவார். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணுடல் பொதுச்சாலையில் இத்தனை வேகத்தையும் இத்தனை பாதுகாப்பையும் ஒருசேர அனுபவிக்க நம் ஊரில் வேறு என்ன வழி இருக்கிறது? கோயில் பிரகாரத்தில் வேகம் கிடையாது. பேருந்தில் வேகம் இருக்கிறது, பாதுகாப்பு கிடையாது.

ஆனால் ‘நோ டிராப்’ என்பது எந்த இடத்திலிருந்து கணக்கில் வருகிறது? காலை ஐந்தே காலுக்கு கூடும் இடத்தில் வந்து நிற்பவர்களிலிருந்து. அதற்கு முன்பே விடுபட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. எங்கள் ரைடுகளில் ஆண்கள் முப்பதைத் தாண்டுவார்கள், பெண்கள் நாலைந்து பேர். பெண்களுக்கு ஆர்வம் குறைவு என்று கிளப்பில் வருத்தத்தோடு சொல்வார்கள், உண்மையான வருத்தம்தான். அந்த நாலைந்து பேர் யார் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். ஒருவர் மருத்துவர், வீட்டோடு சமையலுக்கு ஆள் உண்டு. ஒருவருக்குப் பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். ஒருவர் திருமணமாகாத கல்லூரி மாணவி. என் வீட்டில் அம்மா இருக்கிறார். எழுபது வயதில் அவர் அரைக்கிற சட்னியின் மேல்தான் என் நாற்பது கிலோமீட்டர் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை என்பது ஆணுக்கு விடுமுறை, பெண்ணுக்குக் கறி வாங்கிவரச் சொல்லி மசாலா அரைக்கும் நேரம். முப்பது ஆண்கள் வீட்டைவிட்டுக் கிளம்பிவர, முப்பது வீடுகளில் யாரோ ஒருவர் வீட்டிலேயே இருந்தாகவேண்டும்.

அதே சாலையில் அதே நேரத்தில் எங்களுக்கு எதிரே பெண்கள் சைக்கிளில் வருகிறார்கள். வாழைக்கொல்லை வேலைக்குப் போகிறவர்கள், பூக்கட்டு வைத்திருப்பவர்கள், நகரத்தில் வீட்டுவேலைக்குப் போகிறவர்கள். கேரியரில் தூக்குவாளி தொங்கும். எங்களை ‘ரைடர்’ என்கிறோம். அவர்கள் சைக்கிளில் போகிறவர்கள், அவ்வளவுதான். நாங்கள் செய்வது ‘சைக்கிளிங்’, அவர்கள் செய்வதற்குப் பெயரே கிடையாது. வாரத்துக்கு ஆறு நாள் மிதிக்கிற அவர்களைவிட ஒரு நாள் மிதிக்கிற எங்களுக்குத்தான் தண்ணீர் பாட்டில் வைக்கத் தனி இடமும், உட்கார்ந்தால் வலிக்காத கால்சட்டையும் இருக்கின்றன. தமிழ் வாத்தியார் என்பதால் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று கிளப் நண்பர்கள் கேலி செய்வதுண்டு. செய்யட்டும்.

போன வருடம் உறையூரிலிருந்து ஒரு தையல்காரப் பெண் இரண்டு ஞாயிறு வந்தார். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி இன்னும் அவரிடம் ஓடிக்கொண்டிருந்தது. கியர் கிடையாது, கனமான வண்டி. தினமும் ஃபால்ஸ் வைக்க வாங்கிய சேலைக்கட்டைப் பின்னால் வைத்துக்கொண்டு கடைக்கும் வீட்டுக்கும் மிதிக்கிறவர். கூட்டம் மணிக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று என்று போக அவர் பின்தங்கினார். யாரும் அவரை விட்டுவிட்டுப் போகவில்லை. ஸ்வீப்பாக வந்த இளைஞர் கடைசிவரை அவர் பக்கத்திலேயே வந்தார், தண்ணீர் கொடுத்தார், “அக்கா, பொறுமையா வாங்க” என்றார். கல்லணையில் மற்றவர்கள் இருபது நிமிடம் காத்திருந்து கைதட்டி வரவேற்றார்கள். மூன்றாவது ஞாயிறு அவர் வரவில்லை. கடைக்குப் போனபோது கேட்டேன். “அந்தத் தம்பி பாவம்க்கா, எனக்காகவே பின்னாடி உருட்டிக்கிட்டு வந்துச்சு. கைவேற தட்டுறாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு” என்றார்.

அந்தக் கைதட்டலை எண்ணிப் பார்க்கிறேன். அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் ‘நோ டிராப்’ இங்கே இரக்கமாகத்தான் செயல்பட்டிருக்கிறது. வேகத்தை முன்னால் போகிறவர்கள் வைக்கிறார்கள், அந்த வேகத்துக்கு வரமுடியாதவருக்கு ஒரு துணை ஒதுக்கப்படுகிறது. உண்மையாகவே யாரையும் விடக்கூடாது என்றால் மிக மெதுவாக வருகிறவரை முன்னால் விட்டு, அவர் வைக்கிற வேகத்தில் எல்லாரும் போகவேண்டும். நான் இதைச் சொன்னபோது, “அப்புறம் அது ரைடா மேடம்?” என்று ஒருவர் சிரித்தார். கேள்வி சரியானதுதான். அது என்ன என்பதற்கு எங்கள் பக்கத்து மாவட்டத்திலேயே ஒரு பதில் இருக்கிறது.

வருடத்துக்கு ஒருமுறை கிளப் புதுக்கோட்டைக்குப் போய்வரும். மாத்தூர், கீரனூர் வழியாகப் போக ஐம்பத்தைந்து, வர ஐம்பத்தைந்து. நூறைத் தாண்டுவதால் எல்லாருக்கும் பெருமை. வழியில் நார்த்தாமலையில் நின்று விஜயாலய சோழீச்சரத்தைப் பின்னணியாக்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள், சோழர் வரலாறு பற்றி யாராவது பேசுவார்கள். பெண்களும் சைக்கிளும் சேர்ந்து வரலாறு படைத்த மாவட்டத்தில் மிதித்துக்கொண்டிருக்கிறோம் என்று அந்த ரைடில் ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் கற்றுக்கொள்வதை எழுத்தறிவுத் திட்டத்தின் பகுதியாகவே ஆக்கினார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார். பி. சாய்நாத் அந்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பொது இடங்களில் நடந்த சைக்கிள் நிகழ்ச்சிகளில் மட்டும் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டிக் காட்டினார்கள் என்கிறார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்களாம், குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால். ஆண் உடலுக்கென்று வைத்த கம்பிக்கு அந்தப் பெண்கள் கொடுத்த வேலை இது.

அங்கே கூட்டம் எதற்காகக் கூடியது என்பதுதான் எனக்கு முக்கியம். ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர்கள் பொழுதுபோக்கக் கூடவில்லை. நேற்றுக் கற்றவள் இன்று வருகிறவளின் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தனியாக ஒருத்தி ஏறினால் ஊர் சிரிக்கும், வாய்க்கு வந்ததைப் பேசும். ஐம்பது பேர் ஏறினால் ஊர் என்ன செய்யும்? கூட்டம் என்பது அங்கே கேலிக்கு எதிரான கவசம். அதனால்தான் மெதுவாக வருகிறவள் அங்கே பாரமாகவில்லை. அவளுக்காகத்தான் அந்தக் கூட்டமே.

இதைப் பொற்காலமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. சைக்கிள் வந்தபின் பெண்கள் கூடுதல் குடம் தண்ணீர் சுமந்தார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டார்கள், விளைபொருளைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். பேருந்துக்குக் காத்திருந்த நேரம் மிச்சமாயிற்று, மிச்சமான நேரத்தில் வேலை வந்து உட்கார்ந்தது. அந்தக் குடத்தில் ஒன்றை ஆண் தூக்கினானா என்று எந்த இயக்கமும் கேட்டதாகத் தெரியவில்லை. கூலியையும் நிலத்தையும் சைக்கிள் மாற்றிவிடாது. ஊர்த்தெரு வரும்போது தலித்துகள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்ற கொடுமை நிலவிய கிராமங்கள் தமிழ்நாட்டில் ஒன்றிரண்டல்ல. சாலை எல்லாருக்கும் பொது என்று எங்கள் கிளப் டி-ஷர்ட்டில் அச்சடித்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

டி-ஷர்ட் என்றதும் புகைப்படம். முப்பத்தைந்து பேரில் ஐந்து பேராக இருந்தாலும் படத்துக்குப் பெண்கள் முன்வரிசை. மகளிர் தினத்துக்கு இளஞ்சிவப்பு டி-ஷர்ட், ஐந்து கிலோமீட்டர், ரோஜாப்பூ. பொருநராற்றுப்படையில் வழிநடந்து களைத்த பாடினியை நிறுத்திவைத்துத் தலைமுதல் பாதம்வரை வர்ணிக்கும் இடம் வரும். பாதத்துக்கு உவமை, களைத்த நாயின் நாக்கு. உரையாசிரியர்கள் மென்மையைச் சொல்வார்கள். என் வகுப்பில் ஒரு மாணவி, “மேடம், அவளுக்குக் கால் வலிச்சிருக்கு” என்றாள். வழியில் நடக்கும் பெண்ணைப் பார்ப்பதற்கும் அவள் நடையைக் கவனிப்பதற்கும் உள்ள தூரம் அவ்வளவு.

கவனித்திருந்தால் கழிப்பறை பற்றிப் பேச்சு வந்திருக்கும். நாற்பது கிலோமீட்டரில் ஆண்கள் எங்கே வேண்டுமானாலும் நிறுத்துகிறார்கள். நாங்கள் காலையில் தண்ணீரே குடிக்காமல் வருகிறோம், வெயிலில் திரும்பும்போது தலைவலியோடு வருகிறோம். மாதவிடாய் நாட்களில் பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். ‘ஆர்வம் குறைவு’ என்று அதற்கும் பெயர்.

ஒரு கிளப் இதில் என்ன செய்யமுடியும் என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்வேன். 1898இல் சர்ரே மாவட்டத்தில் ஆக்கம் என்ற ஊரின் ஹாட்பாய் விடுதியில், சைக்கிளுக்கு வசதியாகக் கால்சட்டை அணிந்து வந்த லேடி ஹார்பர்ட்டனுக்குக் காபி அறையில் இடம் தர மறுத்தார்கள். ஆண்கள் குடித்துக்கொண்டிருக்கும் அறையில் வேண்டுமானால் சாப்பிடலாம் என்றார்கள். அவர் உறுப்பினராக இருந்த சைக்கிள் கிளப் அந்த வழக்கைத் தன் வழக்காக எடுத்து 1899இல் நீதிமன்றம் போனது. தோற்றது. ஆனால் வழியில் எங்கே நிற்கலாம், எங்கே சாப்பிடலாம் என்பது ஓர் உறுப்பினரின் தனிப்பட்ட சங்கடம் என்று அது ஒதுக்கவில்லை. சீமாட்டி ஒருவருக்காக என்பதால் எழுந்த துணிச்சல் அது என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். உறையூர்த் தையல்காரிக்காக எந்தக் கிளப் நீதிமன்றம் போகும்?

நாங்கள் கேட்டிருப்பது மிகச் சிறியது. நிறுத்தும் இடங்கள் கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க்காக இருக்கவேண்டும். மாதத்தில் ஒரு ரைடு மாலை நான்கரைக்கு, எந்தச் சைக்கிளிலும் வரலாம், கடைசி ஆள் முன்னால் போவார். ஓட்டத் தெரியாத பெண்களுக்கு ஒரு மைதானமும், சீட்டைப் பிடிக்க இரண்டு பேரும். பெட்ரோல் பங்க்குக்கு உடனே ஒப்புக்கொண்டார்கள். மாலை ரைடு பற்றி, “அந்த நேரம் போக்குவரத்து அதிகம் மேடம், யோசிப்போம்” என்றிருக்கிறார்கள். தையல் கடையில் விஷயத்தைச் சொன்னேன். மாலை என்றால் ஆறு மணிக்கு மேல்தான் தன்னால் முடியும், ரவிக்கை வாங்க வருகிறவர்கள் ஐந்து மணிக்குத்தான் வருவார்கள் என்றார். நேரத்தை மாற்றிக் கேட்கவேண்டும்.