உழவு இயந்திரமும் மார்ஃபாவும்

சோவியத்து நாட்டின் அரச பண்ணையைத் திரையிற் காட்டிய படைப்புக்களுள் ஐசென்ஸ்ரைனின் ‘பழையதும் புதியதும்’ தனித்து நிற்பது. 1926ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, இடையே தடைப்பட்டு, 1929இல் வெளிவந்த இப் பேசாப் படத்தின் தலைவி நடிகையல்லள். மார்ஃபா லப்கினா என்னும் உழைப்பாளிப் பெண். தன் பெயருடனேயே அவள் படத்துள் வருகின்றாள்.

குதிரையில்லா ஏழையாகிய மார்ஃபா பசுவை ஏரிற் பூட்டி உழுகின்றாள். கூட்டுறவுச் சங்கம் அமைகிறது; பாலாடை பிரிக்கும் பொறி வருகிறது. அதனைச் சூழ்ந்து நிற்போர் முகங்களில் ஐயமும் ஆவலும் மாறிமாறித் தோன்றுங் காட்சி ஒன்றே ஐசென்ஸ்ரைனின் பெயரை நிறுத்தப் போதும். அடுத்து வரும் அரச பண்ணையோ, கட்டடக் கலைஞர் அந்திரே புரோவ் படத்துக்கென்றே அமைத்த வெண்ணிறக் கட்டடம். கண்ணைக் கவர்கிறது, பால் வெள்ளமெனப் பாய்கிறது. கறந்த கைகளின் களைப்புப் பற்றிப் படத்துக்குக் கவலையில்லை. உண்மையான அரச பண்ணைத் தொழுவங்களிலோ பால் கறத்தல் பல்லாண்டுகளாகப் பெண்களின் வேலையாகவே, நெடுங்காலம் கைவேலையாகவே இருந்தது.

படத்தில் மார்ஃபாவைப் பிடித்திழுக்கும் கணவனுமில்லை, குழந்தையுமில்லை. ஆதலின் பண்ணையில் உழைத்து வீடு மீண்டவள் அடுப்பின்முன் தொடங்கும் இரண்டாம் வேலைநாளை இயக்குநர் காட்ட வேண்டியதில்லாமற் போயிற்று. இது சிறிய குறையன்று.

எனினும் நீதி தவறலாகாது. அரச பண்ணைப் பெண்ணுக்குக் கூலி பணமாகத் தன் கையிலே கிடைத்தது. கூட்டுப் பண்ணைப் பெண்ணோ, 1966இல் உறுதியான ஊதியம் வரும்வரை, பெரும்பாலும் வேலைநாட் கணக்கின்படி எஞ்சிய பங்கையே நம்பியிருந்தாள்.

உழவு இயந்திரம் பழுதடையுங் காட்சியில், துடைக்கத் துணி தேடுஞ் சாரதி கொடியைக் கிழிக்க முனைகின்றான். மார்ஃபா தடுத்துத் தன் பாவாடையைக் கிழிக்கக் கொடுக்கின்றாள். நகைச்சுவையாகவே அமைந்த இக்காட்சி, இயக்குநர் கருதியதினும் மிகுதியாகச் சொல்லிவிடுகிறது.

இறுதியில் தோலாடையணிந்த சாரதியின் கண்ணாடி விலக, அவள் மார்ஃபா! 1933இல் உக்கிரேனில் பாஷா அங்கேலினா முதற் பெண்கள் உழவு இயந்திரக் குழுவை அமைத்தார். 1938இல் ஓரிலட்சம் தோழியரை அவ்வேலைக்கு அழைத்தார். போர்க்காலத்தில் ஆடவர் களஞ்செல்லப் பெண்களே வயல்களை உழுதனர். ஆடவர் மீண்டபின் பெரும்பாலோர் இயந்திரத்தை விட்டிறங்கினர்; 1950களில் சாரதிகளுட் பெண்கள் மிகச் சிலரே. பாற் குவளையும் களைக்கொத்தும் மட்டும் அவர்கள் கையினின்றும் நீங்கவில்லை.