அண்ணன் இல்லாத மாணவன்: ‘கோட்டா ஃபேக்டரி’யும் ஜே.இ.இ. தேர்வும்

போன பருவத்தில், உயர்நிலை மூன்று வகுப்பில் வாய்மொழிப் பயிற்சிக்காக ‘கோட்டா ஃபேக்டரி’ தொடரிலிருந்து ஒரு சின்னக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். துவண்டு போன ஒரு மாணவனிடம் அவனுடைய இயற்பியல் ஆசிரியர் பொறுமையாகப் பேசும் காட்சி. முடிந்ததும் நீங்களும் நானும் எதிர்பார்க்கிற பதில்கள்தான் வந்தன. "ஆசிரியர் அன்பாகப் பேசுகிறார்." "மாணவர் மன உளைச்சலில் இருக்கிறார்." கடைசி வரிசையில் ஒரு பையன் மட்டும் வேறு மாதிரி கேட்டான். கோயம்புத்தூரிலிருந்து இங்கே வந்த குடும்பம். ஓ நிலைத் தேர்வு முடிந்ததும் ஊருக்குத் திரும்பி ஜே.இ.இ. எழுதவேண்டும் என்று வீட்டில் பேச்சு.

"சேர், அந்த மாதிரி அண்ணன் கிடைக்காதவங்க என்ன பண்ணுவாங்க?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. நல்லவேளையாக வகுப்பு நேரம் முடிந்தது. அன்று இரவே தொடரை முதலிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தேன், இந்த முறை அவனுடைய கேள்வியை வைத்துக்கொண்டு.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். கோட்டா என்பது இங்கே இட ஒதுக்கீடு அல்ல, ராஜஸ்தானில் உள்ள ஒரு நகரம். வி.கே. பன்சால் என்ற பொறியாளர் 1980களில் அங்கே தன் வீட்டில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அது வளர்ந்து, ஊரே கோச்சிங் சென்டர்களால் பிழைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. ராகவ் சுப்பு இயக்கிய தொடரின் முதல் பருவம் 2019இல் ஐந்து பகுதிகளாக வந்தது. பிறகு 2021, 2024 ஆண்டுகளில் நெட்ஃபிளிக்ஸில் அடுத்த இரண்டு பருவங்கள். கறுப்பு வெள்ளைப் படப்பிடிப்பு, ஹிந்தி வசனம். எனக்கு ஹிந்தி தெரியாது, சப்டைட்டிலை நம்பித்தான் பார்த்தேன். இட்டார்சி என்ற ஊரிலிருந்து கோட்டாவுக்கு வரும் வைபவ் என்ற 16 வயதுப் பையன், அவனுடைய நண்பர்கள், அவர்களுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுக்கும் ஜீத்து. இவ்வளவுதான் கதை.

சொல்லவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்: படிக்கும் பிள்ளைகளை இவ்வளவு நெருங்கிப் பார்த்த தொடர் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. முதல் பருவத்தின் பகுதிகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: ‘இன்வென்டரி’, ‘அசெம்பிளி லைன்’, ‘ஆப்டிமைசேஷன்’, ‘ஷட்டவுன்’, ‘ஓவர்ஹால்’. எல்லாமே தொழிற்சாலைச் சொற்கள். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிவு பிரிவாக அடுக்குவது, ‘நான் எந்தப் பிரிவு’ என்பதே ஒருவனுடைய அடையாளமாகிவிடுவது, வாடகை அறை, மெஸ் சாப்பாடு, கனிம வேதியியலை மனப்பாடம் செய்யும் எரிச்சல். எதையும் பெரிதுபடுத்தாமல் காட்டுகிறார்கள். நம் மாணவர்களுக்குத் தெரிந்த ‘நண்பன்’ படம் கல்லூரிக்குள் நுழைந்த பிறகு நடப்பதைக் கேலி செய்தது. அந்தக் கதவுக்கு வெளியே வரிசையில் நிற்கிறவர்களின் கதை இது. (பெண் பிள்ளைகள் பெரும்பாலும் பையன்களின் கண்வழியாகவே வருகிறார்கள் என்ற குறை எனக்கு உண்டு. ஐ.ஐ.டி.க்களில் மாணவிகளுக்கென்று 2018 முதல் கூடுதல் இடங்கள் உருவாக்கியிருக்கும் காலத்தில், அவர்களில் ஒருத்தியின் அறைக்குள்ளும் கேமரா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம்.)

இனி ஜீத்து. மாணவர்கள் அவரை ‘சார்’ என்று கூப்பிடுவதில்லை, ‘பையா’ என்கிறார்கள். நம்மொழியில் அண்ணா. தமிழாசிரியரான எனக்கு இந்த ஒரு சொல்லிலேயே தொடர் முழுவதும் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. ‘சார்’ என்று கூப்பிட்டால் அதற்கொரு எல்லை உண்டு, வகுப்பு முடிந்தால் அவர் வீட்டுக்குப் போகலாம். ‘அண்ணா’வுக்கு நேரம் காலம் கிடையாது. இரண்டாம் பருவத்தின் முடிவில் அவருடைய மாணவி ஒருத்தி இறந்துபோகிறாள். மூன்றாம் பருவம் தொடங்கும்போது இந்த அண்ணனே மனநல ஆலோசகர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மாணவர் கூட்டத்தின் சுமையை ஓர் உறவுச்சொல்லின் வழியாக ஒருவர் தலையில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை மூன்றாம் பருவம் நேர்மையாகக் கேட்கிறது. நம்மில் சிலருக்கு அந்தக் காட்சிகள் கொஞ்சம் உறுத்தும். எனக்கு உறுத்தியது.

ஆனால் எனக்குள்ள பெரிய மனக்குறையும் இங்கேதான். ஜீத்து இவ்வளவு நல்லவராக இருப்பதால், தேர்வு தப்பித்துக்கொண்டது. தொடர் முழுக்க ஜே.இ.இ. மழை மாதிரி வருகிறது. மழையை யாரும் குறை சொல்வதில்லை. நல்ல அண்ணன் குடை பிடிக்கச் சொல்லித் தருகிறார், நாமும் கைதட்டுகிறோம். கைதட்டல் நமக்கும் சேர்த்துத்தான் என்பதால் இன்னும் பலமாகத் தட்டுகிறோம். அந்த மழை எப்படிப் பெய்கிறது, யார் பெய்ய வைக்கிறார்கள் என்று மூன்று பருவத்திலும் யாரும் நிதானமாக உட்கார்ந்து விளக்குவதில்லை. ஆகவே அந்த வேலையை நானே கொஞ்சம் செய்கிறேன்.

ஜே.இ.இ. இரண்டு படி. முதல் படி ‘மெயின்’, தேசியத் தேர்வு முகமை நடத்துவது. இப்போதைய அமைப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் தலா 25 கேள்விகள், மொத்தம் 75, மூன்று மணி நேரம். அதாவது கேள்விக்கு 2 நிமிடம் 24 விநாடி. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானதற்கு 1 போய்விடும். (நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குத்தினால் சராசரியாகக் கால் மதிப்பெண் லாபம்தான் என்று பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவர் எனக்குப் போட்டுக் காட்டினார். அது வேறு கதை.) என்.ஐ.டி. போன்ற கல்லூரிகளுக்கு மெயினே போதும். ஐ.ஐ.டி. வேண்டுமென்றால் மெயினில் முன்னால் வந்த சுமார் இரண்டரை லட்சம் பேர் மட்டும் ‘அட்வான்ஸ்டு’ எழுதலாம். அது ஒரே நாளில் மூன்று மூன்று மணி நேரமாக இரண்டு தாள்.

மெயின் பல நாட்கள், பல வேளைகளில் நடப்பதால் மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, பெர்சென்டைலாக மாற்றுகிறார்கள். நம் பெற்றோர்கள் பலர் குழம்புவது இங்கேதான். 99 பெர்சென்டைல் என்றால் நூற்றுக்கு 99 வாங்கியதாக அர்த்தம் இல்லை. எழுதியவர்களில் 99 விழுக்காட்டினர் உங்களுக்குச் சமமாகவோ பின்னாலோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். 2024இல் மெயின் எழுதியவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். அப்படியானால் 99 வாங்கிய பிள்ளைக்கு முன்னால் ஏறக்குறைய 14,000 பேர் நிற்கிறார்கள். அந்த ஆண்டு 23 ஐ.ஐ.டி.க்களிலும் சேர்த்து இருந்த இடங்கள் 17,740. கிட்டத்தட்ட 80 பேருக்கு ஓர் இடம்.

நம் ஊரில் பழைய பி.எஸ்.எல்.இ. டி-ஸ்கோர் ஞாபகம் இருக்கிறதல்லவா? பக்கத்துப் பிள்ளை எப்படி எழுதினான் என்பதைப் பொறுத்து நம் பிள்ளையின் எண் மாறும். 2021இல் அதை மாற்றி, ஒவ்வொருவரும் அவரவர் எட்டிய நிலையைப் பார்க்கும் முறைக்கு வந்துவிட்டோம். ஜே.இ.இ.யில் இருப்பது பழைய டி-ஸ்கோரின் பெரியப்பா. ஓர் எடுத்துக்காட்டு போதும். அட்வான்ஸ்டு எழுதத் தகுதி பெற, பொதுப் பிரிவுக்கான எல்லை 2023இல் சுமார் 90.8 பெர்சென்டைல், 2024இல் சுமார் 93.2. ஆகவே 92 வாங்கிய ஒருத்தி 2023இல் உள்ளே, 2024இல் வெளியே. அவளுடைய இயற்பியல் அறிவு ஒரு துளியும் குறையவில்லை, வரிசை நீண்டுவிட்டது, அவ்வளவுதான். தெரிந்ததை அளப்பதைவிட ஆளைக் கழிப்பதற்காக வைத்த தேர்வு இது. கழித்தே ஆகவேண்டிய எண்ணிக்கை முன்கூட்டியே முடிவாகிவிட்ட இடத்தில், ஜீத்து இன்னும் நூறு பேருக்கு அண்ணனாக இருந்தாலும் உள்ளே போகிறவர்கள் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடாது. ஆட்கள்தான் மாறுவார்கள். இந்தக் கணக்கைத் தொடர் பேசியிருந்தால் அண்ணனின் ஒளிவட்டம் கொஞ்சம் மங்கியிருக்கும், கதை இன்னும் உண்மையாக இருந்திருக்கும்.

அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைதான் எழுதலாம். 2024 நவம்பரில் மூன்று முறை எழுதலாம் என்று அறிவித்து, அதே மாதத்திலேயே திரும்பப் பெற்றார்கள். அறிவிப்பை நம்பிக் கல்லூரியை விட்டு வெளியே வந்தவர்களின் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 17 வயதுப் பிள்ளைகளின் ஓர் ஆண்டு இப்படியெல்லாம் ஆடுகிறது.

தமிழாசிரியர்களான நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: தாள் எந்த மொழியில்? ஜீத்து ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்து பாடம் நடத்துகிறார், வகுப்பு சிரிக்கிறது, புரிந்துகொள்கிறது. அந்தச் சிரிப்பில் சேர முடியாத பிள்ளையைத் தொடர் யோசிக்கவே இல்லை. 2021 முதல் மெயின் தமிழ் உட்பட 13 மொழிகளில் நடக்கிறது என்று கேட்டதும் நானும் மகிழ்ந்தேன். பிறகு விதிமுறையைப் படித்தேன். தமிழ்த் தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார் நிலையங்களில் மட்டும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில மூலமே இறுதி. அட்வான்ஸ்டுக்கோ ஆங்கிலமும் ஹிந்தியும் மட்டும். முதல் படியில் தாய்மொழி கைபிடித்து ஏற்றிவிடும், இரண்டாம் படியில் கையை விட்டுவிடும். ‘திருப்புவிசை’ என்று படித்த பிள்ளை சில வாரத்துக்குள் ‘டார்க்’ என்று யோசிக்கப் பழகவேண்டும். வெளிநாட்டு நிலையங்களின் பட்டியலில் சிங்கப்பூரும் கோலாலம்பூரும் இருந்திருக்கின்றன, ஆனால் அங்கே தமிழ்த் தாள் கிடையாது.

இது இயற்கை விதி இல்லை என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. மாநிலப் பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத்தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடத்துகிறார்கள். அதனால் மதிப்பெண் துரத்தும் பள்ளிகள் பெருகின என்று சொல்வார்கள். அதையும் மறுக்க மாட்டேன். ஆனால் மழையை நிறுத்த முடியாது என்று மட்டும் சொல்லமுடியாது.

கோட்டாவின் நிஜம் தொடரைவிடக் கடுமையானது. 2023இல் மட்டும் அங்கே 20க்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் மாவட்ட நிர்வாகம் விடுதி மின்விசிறிகளில் ஸ்பிரிங் பொருத்த உத்தரவிட்டது. 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சு, 16 வயதுக்குக் குறைந்தவர்களைக் கோச்சிங்கில் சேர்க்கக்கூடாது என்று நெறிமுறை வெளியிட்டது. மின்விசிறியை மாற்றினார்கள், வயதை மாற்றினார்கள், அந்தக் கழித்தல் கணக்கு அப்படியே இருக்கிறது. தொடரும் அதையேதான் செய்கிறது. ஆலோசகரைக் கொண்டுவருகிறது, தேர்வைத் தொடுவதில்லை.

அடுத்த வாரம் அந்தப் பையனிடம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பெர்சென்டைல் கணக்கைப் பலகையில் போட்டேன். 92 வாங்கிய பெண்ணின் கதையைக் கேட்டதும், "அப்போ அவ ஃபெயிலா, இல்ல அந்த வருஷம் ஃபெயிலா?" என்றான். மொத்த வகுப்பும் அதைப் பிடித்துக்கொண்டது. நான் திட்டமிட்ட வாய்மொழிப் பயிற்சியைவிட நல்ல பயிற்சி அன்றைக்குத்தான் நடந்தது. தமிழில் பேச வராது என்று ஒதுங்கும் இரண்டு பேர்கூட வாயைத் திறந்தார்கள்.

வகுப்பில் பயன்படுத்த நினைக்கிறவர்களுக்கு முதல் பருவமே போதும். வசனத்தில் வசைச்சொற்கள் இருக்கின்றன, முன்கூட்டியே பார்த்துக் காட்சியைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டாம் பருவத்தின் கடைசிப் பகுதியை மாணவர்களுக்குக் காட்டவேண்டாம். காட்டியே ஆகவேண்டும் என்றால் பள்ளி ஆலோசகரிடம் முதலில் பேசிவிடுங்கள். காட்சியோடு 2023, 2024 எல்லை எண்கள் இரண்டையும் பலகையில் எழுதி வையுங்கள். ஜீத்துவைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கத் தேவையில்லை, அவர்களாகவே வந்துவிடுவார்கள்.