போர்ட் எண் மாறாத விபிஎன்: பசறையிலிருந்து ஒரு பரிசோதனை

தோட்டங்களில் ஆடும் காமன் கூத்து விடிய விடிய நடக்கும். விநாடிக்கு 28 மெகாபிட் தரத்தில் எட்டு மணி நேரம் பதிவு செய்தால் ஓர் இரவுக்கே ஏறத்தாழ 100 ஜிபி ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு 2 ஜிபியைத் தாண்ட முடியாது. கூகுள் டிரைவ் இலவசமாகத் தருவது 15 ஜிபிதான். இலங்கை மலையகத்தில், பசறைக்கு அருகே நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களில் எடுத்த பதிவுகளை, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தமிழ்நாட்டின் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனவர்களின் பிள்ளைகளுக்கு வெட்டாமல் சுருக்காமல் கொடுக்க விரும்பினோம். ஆடியவர்களிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு டொரென்ட்டில் இறங்கினோம். பாதியில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்; வாங்கியவரும் அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

தடை இணைய இணைப்பிலேயே இருக்கிறது. பசறையில் பல வீடுகளில் இணையம் என்றால் 4ஜி ரவுட்டர்தான். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அதற்குக் கிடைத்திருக்கும் ஐபி எண்ணைப் பாருங்கள். அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையான எண்களில் ஒன்றாகவோ தொடங்கினால் உங்களுக்கென்று தனியாக ஒரு பொது முகவரி இல்லை. முன்பின் தெரியாத பலரோடு ஒரே முகவரியைப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். ஐபிவி4 எண்கள் தீர்ந்துபோனதால் வந்த ஏற்பாடு இது. ஆசிய பசிபிக் பகுதியின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. இந்த ஏற்பாட்டில் உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியேயிருந்து யாரும் தாமாக உள்ளே வர முடியாது. ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்துவிட்டாலும் பயனில்லை.

தரவிறக்கம் மட்டும் செய்பவருக்கு இது அவ்வளவாக உறைக்காது, கொடுக்கிறவர்தான் மாட்டிக்கொள்வார். கூடலூரில் வாங்குகிறவரும் கைப்பேசி இணையத்தில் இருந்தால் அங்கேயும் பெரும்பாலும் இதே கதை. இரண்டு பக்கமும் மூடியிருந்தால் டொரென்ட் பட்டியலில் முகவரி தெரியும், ஒரு பைட்கூட நகராது. ஒரு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். இரு பக்கமும் ஐபிவி6 ஒழுங்காக வேலை செய்து, ரவுட்டரின் தடுப்பும் வழிவிட்டால் விபிஎன்னே வேண்டாம். முதலில் அதைப் பார்த்துவிடுவது நல்லது, காசு மிச்சம்.

இல்லையென்றால் அந்தத் திறந்த போர்ட்டை விபிஎன் சேவையிடம்தான் வாங்க வேண்டும். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி இலங்கை அரசு சமூக ஊடகங்களை முடக்கியபோது நாடு முழுக்க அவசர அவசரமாக இறக்கிய இலவச விபிஎன்கள் இந்த வேலைக்கு ஆகாது. காசு கட்டும் பெரிய சேவைகளிலும் பல திறந்த போர்ட்டைத் தருவதில்லை; நார்ட்விபிஎன்னில் இந்த வசதி கிடையாது. நல்ல பெயர் எடுத்த முல்வாட் 2023 ஜூலை 1ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. திறந்த போர்ட்டுகளைச் சிலர் மோசமான காரியங்களுக்குப் பயன்படுத்தியதில் பொலிஸ் விசாரணைகளும் சேர்வர் இடம் தருகிறவர்களின் கெடுபிடியும் வந்தன என்று அந்த நிறுவனமே காரணம் சொன்னது. அதே ஆண்டு செப்டெம்பர் கடைசியில் ஐவிபிஎன்னும் விலகியது. யாரோ செய்த தப்புக்கு, நேர்மையாகக் கோப்புப் பகிர்கிறவர்களும் இழப்பைச் சுமக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மிச்சமிருந்தவற்றில் ஏர்விபிஎன்னையும் புரோட்டான் விபிஎன்னையும் ஒரு பழைய மடிக்கணினியில் ஓடவிட்டுப் பார்த்தேன்.

புரோட்டானில் காசு கட்டிய கணக்குக்குத்தான் போர்ட் கிடைக்கும். விண்டோஸ் செயலியில் ஒரு பொத்தானைத் தட்டி, கோப்புப் பகிர்வுக்கென்று குறியிட்ட சேர்வரில் இணைந்தால் போர்ட் எண் திரையிலேயே வரும். அதை டொரென்ட் செயலியான க்யூபிட்டொரென்ட்டில் இட்டால் வேலை முடிந்தது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிடச் சுலபமானது இல்லை. ஆனால் அந்த எண் அந்த இணைப்புக்கு மட்டும் உரியது. அறுந்து மறுபடி சேர்ந்தால் வேறு எண் வரலாம். லினக்ஸில் கையால் அமைப்பவர்களுக்கு எண் 60 விநாடிக் குத்தகையில்தான் கிடைக்கும். 45 விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்க ஒரு சிறு நிரல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் பசறையில் கரண்ட் போகும், வரும். மடிக்கணினி பற்றரியில் தாக்குப்பிடிக்கும், ரவுட்டர் அணைந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் எழுந்துபோய் எண்ணை மாற்ற யார் இருக்கிறார்கள்? இங்கேதான் ஏர்விபிஎன் என் மனதைப் பிடித்தது. அதன் கணக்குப் பக்கத்தில் 2048க்கு மேற்பட்ட ஓர் எண்ணை ஒதுக்கிக்கொண்டால் சந்தா இருக்கும்வரை அது நம்முடையது; சேர்வரை மாற்றினாலும் எண் மாறாது. ரவுட்டர் உயிர்பெற்றதும் வயர்கார்ட் என்ற விபிஎன் இணைப்பு முறை தானாக ஒட்டிக்கொள்கிறது, கூத்துக் கோப்பும் பழையபடி போகத் தொடங்குகிறது. அமைப்புப் பக்கம் பார்க்கக் கரடுமுரடாகத்தான் இருக்கும். மூன்று நாளுக்கு மட்டும் காசு கட்டிப் பார்க்கும் வசதி இருப்பதால் தயங்க வேண்டியதில்லை.

வயர்கார்ட் அமைப்பில் இரண்டு வரிகளைத் தவறவிடாதீர்கள். பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 விநாடி என்று இருக்கட்டும். இல்லாவிட்டால் சும்மா இருக்கும் நேரத்தில் கைப்பேசி நிறுவனத்தின் கருவி நம் வழியை மறந்துவிடும். இணைப்பு நின்று நின்று போனால், ஒரே தடவையில் அனுப்பும் தரவுத் துண்டின் உச்ச அளவான எம்டியுவை 1280க்கு இறக்கிப் பாருங்கள். க்யூபிட்டொரென்ட்டின் மேம்பட்ட அமைப்பில் விபிஎன் இடைமுகத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். விபிஎன் விழுந்தால் பகிர்வும் நின்றுவிடும்.

சேர்வருக்குச் சென்னையைத் தேடி அலைய வேண்டாம். வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்று இந்தியா 2022 ஏப்ரலில் உத்தரவிட்ட பிறகு பல விபிஎன்கள் தங்கள் சேர்வர்களை அங்கிருந்து எடுத்துவிட்டன. எங்களுக்குச் சிங்கப்பூர் போதுமானதாக இருந்தது. வேகத்தைத் தீர்மானிப்பது 4ஜியின் பதிவேற்ற அளவுதான், விபிஎன் அல்ல. பொதியில் இரவு டேட்டா தனியாக இருந்தால் க்யூபிட்டொரென்ட்டின் கால அட்டவணையில் பகலுக்குக் குறைந்த வேகத்தை வைத்து, நள்ளிரவுக்குப் பிறகு முழுசாக விட்டுவிடலாம்.

போர்ட் திறந்திருக்கிறதா என்று சோதிக்கும்போது க்யூபிட்டொரென்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நம் கணினியில் அந்தப் போர்ட்டில் கேட்க ஒரு நிரல் இல்லாவிட்டால், எல்லாம் சரியாக இருந்தாலும் மூடியிருக்கிறது என்றே பதில் வரும். ஏர்விபிஎன்னின் போர்ட் பக்கத்திலேயே சோதனைப் பொத்தான் இருக்கிறது. அதில் தேறிய பிறகு மக்னெட் இணைப்பைக் கூடலூருக்கு அனுப்புங்கள்.