மாக்பெத் நாடகத்தில் இருளும் தன்னேமாற்றும்

வில்லியம் ஷேக்ஸ்பியர் ஏறத்தாழ 1606-இல் எழுதிய துன்பியல் நாடகம் ‘மாக்பெத்’. அதில் நினைவில் நிற்கும் காட்சிகளில் பெரும்பாலானவை இரவிலோ இருண்ட இடத்திலோ நிகழ்கின்றன என்று ஏ. சி. பிராட்லி 1904-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஆனால் ஷேக்ஸ்பியர் காலத்தில் குளோப் போன்ற திறந்தவெளி அரங்குகளில் பிற்பகல் வெளிச்சத்தில்தான் நாடகங்கள் நடந்தன. ஆகவே சொற்களாலும் நடிகர் ஏந்திவரும் தீவட்டியாலுமே இருட்டை உண்டாக்க வேண்டியிருந்தது.

தேர்வுக் கையேடுகள் இருளைத் ‘தீமையின் குறியீடு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அது தவறன்று, ஆனால் போதாது. முதல் அங்கத்தின் நான்காம் காட்சியில் மாக்பெத் விண்மீன்களிடம் ஒளியை மறைத்துக்கொள்ளச் சொல்கிறான். பிறர் பார்த்துவிடுவார்களே என்பது மட்டும் அவன் அச்சமன்று. தன் கை செய்வதைத் தன் கண்ணே காணக்கூடாது என்கிறான். அடுத்த காட்சியில் அவன் மனைவி, கணவனை நேரில் சந்திப்பதற்கு முன்பே, ஏறக்குறைய இதையே இரவிடம் வேண்டுகிறாள். தன் கத்தி தான் உண்டாக்கும் காயத்தைப் பார்க்கலாகாது என்பது அவள் வேண்டுதல்.

மாக்பெத் ஏமாற்றப்பட்டவனா? சூனியக்காரிகள் மீது பழியைப் போடுவது எளிது. ஆனால் ஏழாம் காட்சியில் டங்கனைக் கொல்லக்கூடாததற்கான காரணங்களை அவனே அடுக்குகிறான். டங்கன் அவனுக்கு உறவினன், அரசன், அன்றிரவு அவன் வீட்டு விருந்தினன். எல்லாவற்றுக்கும் மேலாக நல்லவன். இவ்வளவும் தெரிந்தவன் அறியாமல் செய்தான் என்று சொல்ல இடமில்லை. தெரிந்ததைப் பார்க்காமலிருக்க ஏற்பாடு செய்துகொள்வதே அவனுடைய தன்னேமாற்று. இருளை அவன் கூப்பிடுவது அதற்காகத்தான்.

மூன்றாம் அங்கத்தில் இது பழக்கமாகிவிடுகிறது. பாங்கோவைக் கொல்ல ஆள் ஏவிவிட்டு, மனைவியிடம் விவரம் சொல்ல மறுக்கிறான். காரியம் முடியும்வரை அவள் அறியாதிருப்பதே நல்லது என்கிறான். பகலின் கண்ணைக் கட்டும்படி இரவை மீண்டும் அழைக்கிறான். ஷேக்ஸ்பியர் இங்கே செய்வது கவனிக்கத்தக்கது. கொலையாளிகளில் ஒருவன் தீவட்டியை அணைத்துவிட, அந்த இருட்டிலேயே பாங்கோவின் மகன் ஃபிளீயன்ஸ் தப்பியோடுகிறான். பாங்கோவின் வழியினர் அரசாள்வர் என்பது சூனியக்காரிகளின் வாக்கு. மாக்பெத் கேட்டு வாங்கிய இருட்டே அவன் திட்டத்தைக் கெடுத்துவிடுகிறது.

ஐந்தாம் அங்கத்தின் முதற்காட்சியில் அவன் மனைவி தூக்கத்தில் நடந்து வருகிறாள்; கையில் மெழுகுவர்த்தி. எப்போதும் தன்னருகே விளக்கு இருக்கவேண்டும் என்பது அவளுடைய கட்டளை என்று பணிப்பெண் மருத்துவரிடம் சொல்கிறாள். அருகில் நிற்பவர்கள் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. கையிலுள்ள கறை மட்டும் தெரிகிறது. கொஞ்சம் தண்ணீர் விட்டால் போய்விடும் என்று இரண்டாம் அங்கத்தில் கணவனுக்குச் சொன்னவளும் அவள்தான்.